டுராங்கோவா, சில்வர்ட்டனா?
அமெரிக்காவின் கொலராடோவில் மூன்றடி அகலத் தண்டவாளம் ஒன்று. அதன் இரு முனைகளில் இரண்டு ஊர்கள்.

டுராங்கோ, ரயில் கம்பெனி பெற்ற பிள்ளை. அருகிலிருந்த அனிமாஸ் சிட்டியோடு பேரம் படியவில்லை. சரி, நீ வேண்டாம் என்று 1880-இல் இரண்டு மைல் தெற்கே புது ஊரையே போட்டுவிட்டார்கள். பழைய ஊர் பின்னாளில் இதற்குள்ளேயே கரைந்துபோனது. இன்று கல்லூரி, கடைகள் என எல்லா வசதியும் உண்டு.

சில்வர்ட்டன் வெள்ளி தோண்ட வந்தவர்களின் ஊர். ரயில் 1882-இல்தான் வந்தது. 9,300 அடி உயரம், நாலு தெரு. நீராவி ரயில் வந்ததும் கிரீன் தெருவில் திருவிழாக் கூட்டம். அது கூவிக்கொண்டு கிளம்பியதும் மண் தெருக்களில் பேச்சுமூச்சில்லை. அந்த அமைதிக்காகவே என் ஓட்டு சில்வர்ட்டனுக்கு.