விழுமியச் சீட்டுக்கட்டு: 83 சீட்டும் ஒரு மேசையும் போதும்

"எனக்கு எது முக்கியம்?" என்று வெற்றுத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் குடும்பம், நேர்மை, ஆரோக்கியம் என்று மூன்று சொல்லோடு பேனா நின்றுவிடும். அதைத் தாண்ட உதவுவது, வாழ்க்கையில் நாம் மதிக்கும் விஷயங்களை, அதாவது விழுமியங்களை, சீட்டுக்கு ஒன்றாக எழுதிய இந்தச் சீட்டுக்கட்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்கள் மூவரும் 2001-ல் வெளியிட்டது. பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாததால் பிடிஎஃப்பை இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்.

83 சீட்டு, 3 தலைப்புச் சீட்டு, நாமே எழுதிக்கொள்ள 4 வெற்றுச் சீட்டும் சேர்த்தால் மொத்தம் 90. ஏ4 தாளுக்கு ஒன்பதாகப் போட்டால் சரியாகப் பத்துத் தாள். சாதாரண ஜெராக்ஸ் தாள் சுருளும், கலைக்க வராது. கனமான 250 ஜிஎஸ்எம் அட்டையில் அடியுங்கள்.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் இருக்கும் ஒற்றை வரி. 'தனிமை' சீட்டை எடுங்கள்: மற்றவர்களிடமிருந்து சற்று விலகியிருக்க நேரமும் இடமும் வேண்டும் என்கிறது. ஆளில்லாமல் தவிக்கிற தனிமை இல்லை என்று உடனே புரிந்துவிடும். அன்பு செலுத்துவதற்கும் அன்பு பெறுவதற்கும் தனித்தனிச் சீட்டு. இரண்டும் ஒரே குவியலில் விழ வேண்டியதில்லை. கட்டு ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழாக்கும்போதும் அந்த வரியைப் பார்த்தே செய்ய வேண்டும். 'இண்டஸ்ட்ரி' சீட்டைத் 'தொழில்' என்று போட்டால் கெட்டது; கீழ்வரி சொல்வது கடின உழைப்பை.

மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என்ற மூன்று தலைப்பையும் மேசையில் பரப்பி, கட்டைக் கலைத்து, ஒரு சீட்டுக்கு ஐந்தாறு நொடிக்கு மேல் யோசிக்காமல் போடுங்கள். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். முதல் குவியலில் ஐம்பது சீட்டு சேர்ந்துவிடும், ஏனென்றால் எல்லாமே நல்ல சொற்கள். அதனால் அந்தக் குவியலை முதலில் பத்தாகவும் பிறகு ஐந்தாகவும் குறையுங்கள். ஒன்றை எடுத்து வைத்தால் இன்னொன்று போக வேண்டும். எதை விட மனசு வரவில்லையோ, அதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பா அம்மாவோ துணையோ பக்கத்தில் நின்றால் 'கடமை' மேலே ஏறும், 'பொழுதுபோக்கு' கீழே போகும். தனியாகச் செய்யுங்கள்.

குறையும் உண்டு. ஐந்தைத் தேர்ந்ததோடு கட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்படி வாழ வழி சொல்வதில்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். ஐந்து சீட்டையும் வரிசையாக வைத்து, கடந்த 14 நாள் காலண்டரையும் யுபிஐ செலவுப் பட்டியலையும் பக்கத்தில் திறந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் போயிருக்கிறது என்று பென்சிலால் சீட்டின் பின்புறம் குறியுங்கள். பூஜ்ஜியம் விழும் சீட்டுக்கு இந்த வாரமே ஒரு செயல், அதுவும் நாளும் நேரமும் போட்டு. 'ஆரோக்கியம்' என்று எழுதி வைத்தால் நகராது. 'செவ்வாய், வியாழன் காலை 6 மணிக்கு அரை மணி நடை' என்றால் செய்தோமா இல்லையா என்று அன்றைக்கே தெரியும். ஆறு மாதம் கழித்து மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும் என்பதால், பழைய ஐந்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.