மூலை உடைந்த முன்பல்லுக்குக் கேப் போடச் சொல்கிறார்களா? கவனம்

பேருந்துக் கம்பியில் இடித்து என் மகளின் மேல் முன்பல்லில் அரை அரிசி அளவுக்கு மூலை உடைந்தது. வலியோ கூச்சமோ இல்லை. உடைப்பு பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலைத் தாண்டவில்லை என்பதை, அன்று எடுத்த எக்ஸ்ரேயை வைத்துப் பின்னர் வேறொரு மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். முதலில் போன தனியார் பல் மருத்துவமனையிலோ, உடைந்த மூலையைப் பிசினால் ஒட்டிச் சரிசெய்தால் நிற்காது என்று அடித்துச் சொல்லி, குளிர் வைத்துப் பல்லின் உயிரோட்டத்தைக்கூடச் சோதிக்காமல் ரூட் கேனாலும் (பல்லின் உள் நரம்பை எடுத்து அடைப்பது) கேப்பும் (பல்லைச் சுற்றிலும் செதுக்கி மேலே மாட்டும் உறை) எழுதினார்கள். மரப்பு ஊசி போட்ட பிறகு, நிறம் பொருந்த வேண்டும் என்று சொல்லி, அடிபடாத பக்கத்துப் பல்லையும் சேர்த்தே செதுக்கிவிட்டார்கள். கைக்கண்ணாடியில் அவள் பார்த்தபோது இரண்டு பற்களும் மெலிந்து, உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் வெளியே தெரிந்தது.

எனாமல் மீண்டும் வளராது. கேப்புக்காகச் சுற்றிலும் செதுக்கிய பல்லுக்கு ஆயுள் முழுக்கக் கேப் தேவை. அதையும் ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டிவரும்.

இப்படிப்பட்ட சிறிய உடைப்புக்குப் பெரும்பாலும் காம்போசிட் ஒட்டுதலே போதும். பாஸ்பாரிக் அமில ஜெல்லால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கி, ஒட்டுபசை தடவி, பல்லின் நிறத்திலுள்ள பிசினை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்கி மெருகேற்றுவார்கள். பல்லைச் செதுக்கும் வேலை இதில் மிகக் குறைவு, பல நேரங்களில் மரப்பு ஊசிகூட வேண்டியதில்லை. அமிலம் வைத்து ஒட்டும் இந்த வழியை மைக்கேல் புவோனகோர் 1955-லேயே வெளியிட்டுவிட்டார் என்பதால், புது முறை, நம்ப முடியாது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. காபி, டீயால் கறை படியும், சில ஆண்டுகளில் ஓரம் பெயரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் மேலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், அடியில் உங்கள் பல் அப்படியே இருக்கும். (மருத்துவமனைக்கு இதில் வரும்படி குறைவு என்பது வேறு கதை.)

ஆகவே ஊசி போடுவதற்கு முன்பே, எந்தெந்தப் பல்லில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறத்தைப் பல் உலர்வதற்கு முன்பே தேர்வு செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும். உடைந்த துண்டு கிடைத்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அதையே ஒட்ட முடிந்தாலும் முடியும். சந்தேகம் இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

எங்களுக்குத் தந்த பில்லில் "பல் சிகிச்சை" என்ற ஒரே வரிதான் இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதால், மாநில பல் மருத்துவ மன்றத்துக்கு முதலில் புகார் அனுப்பியிருக்கிறோம். நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் பக்கத்துப் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புகாரின் முதல் இணைப்பு அதுதான்.