கோடில் 90 நாள், வால்ட்டில் 2099: டெராஃபார்ம் வேலையை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அஷூர் ஸ்டோரேஜுக்கு (மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பு) டெராஃபார்ம் (மேக வசதிகளைக் கோடாக எழுதி அமைக்கும் கருவி) எழுதித் தர வெளி நிறுவனம் தேடுகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வாடிக்கையாளர்கள் கோப்புகளை ஏற்ற எஸ்ஏஎஸ் டோக்கன்கள் (குறித்த காலம் வரை சேமிப்பைத் திறக்க விடும் அனுமதிச் சீட்டுகள்) தேவைப்பட்டன. 90 நாளுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கும் என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்த நிறுவனம் வேலையை வாங்கியது. கோடிலும் அப்படித்தான் இருந்தது: டைம்ஸ்டாம்ப்போடு (கோட் ஓடும் அந்த நேரம்) 2160 மணி நேரம் கூட்டிக் காலாவதித் தேதி. டைம்ஸ்டாம்ப் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும் என்பதால், பிளான் (என்ன மாறும் என்று டெராஃபார்ம் முன்கூட்டிக் காட்டும் பட்டியல்) எடுக்கும்போதெல்லாம் மாற்றம் காட்டும். இதற்கென்றே, குறித்த காலம் முடிந்த பிறகு மட்டும் நேரத்தை மாற்றும் டைம் ரொட்டேட்டிங் என்ற ரிசோர்ஸ் இருக்கிறது. இவர்கள் அதைத் தொடவே இல்லை. டோக்கனைப் பூட்டி வைக்கும் கீ வால்ட் சீக்ரெட்டின் மதிப்பை இக்னோர் சேஞ்சஸில் (மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்ற அமைப்பு) போட்டு மூடிவிட்டார்கள். பிளான் சுத்தமாகத் தெரிந்தது, டோக்கன் புதுப்பிக்கப்படவில்லை.

90 நாள் முடிந்ததும் எல்லாப் பதிவேற்றமும் 403 (அனுமதி இல்லை) பிழையோடு நின்றது. அழைத்தோம். அன்றே "சரி பண்ணிட்டோம்" என்றார்கள், அவசர வேலைக்குத் தனி பில்லும் வந்தது. கட்டினோம்.

என்ன சரி செய்தார்கள் என்பது பிறகு நடந்த தணிக்கையில்தான் தெரிந்தது. டோக்கனில் எஸ்இ என்ற பகுதிதான் காலாவதி. அதில் 2099. படிக்க, எழுத, அழிக்க என எல்லா அனுமதியும் வேறு. அஷூரின் இணையப் போர்ட்டலில் கையால் உருவாக்கி வால்ட்டில் செருகியிருக்கிறார்கள். இக்னோர் சேஞ்சஸ் இருந்ததால் டெராஃபார்ம் காட்டிக்கொடுக்கவில்லை. இது பச்சை ஏமாற்று. மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ ஆய்வாளர்கள் கிட்ஹப்பில் பகிர்ந்த ஒரே எஸ்ஏஎஸ் டோக்கனால் 38 டெராபைட் தரவு திறந்து கிடந்தது 2023இல் வெளியே வந்ததே, அந்த டோக்கனின் காலாவதி 2051.

இவர்கள் செருகியது அக்கவுண்ட் எஸ்ஏஎஸ், அதாவது சேமிப்புக் கணக்கின் சாவியால் கையெழுத்திட்ட டோக்கன். அதைத் தனியாக ரத்து செய்ய முடியாது. அக்கவுண்ட் சாவியையே மாற்ற வேண்டும். அந்தச் சாவியில் உருவான மற்ற டோக்கன்களும் அதோடு செத்துவிடும். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்துச் சொல்லிவிட்டு அதைத்தான் செய்தோம். கன்டெய்னரில் (கோப்புகள் இருக்கும் பிரிவு) ஸ்டோர்டு ஆக்சஸ் பாலிசி, அதாவது அனுமதியைச் சேமிப்பிலேயே பதிந்து வைக்கும் விதி, வைத்து (ஒன்றுக்கு 5 வரை வைக்கலாம்) அதோடு இணைந்த டோக்கனைத் தந்திருந்தால், பாலிசியை நீக்கினாலே போதுமாக இருந்திருக்கும்.

வேலையைக் கையேற்கும் நாளில் ஒரு டோக்கனை உங்கள் கண்முன்னே ரத்து செய்து காட்டச் சொல்லுங்கள். இக்னோர் சேஞ்சஸ் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கேளுங்கள். டைம் ரொட்டேட்டிங் போட்டிருந்தாலும் யாராவது அப்ளை (மாற்றங்களை நிறைவேற்றும் கட்டளை) ஓட்டினால்தான் டோக்கன் மாறும். அதைத் தானாக ஓட்டும் பைப்லைன் எங்கே என்று கேளுங்கள். அப்புறம், டெராஃபார்ம் உருவாக்கியதைப் பதிந்து வைக்கும் ஸ்டேட் கோப்பில் டோக்கன் அப்படியே வெளிப்படையாக இருக்கும், அதை யார் யார் திறக்க முடியும் என்பதையும் பாருங்கள்.

அவசர பில்லின் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.