தொண்டையில கட்டின்னு சொல்லி 14,500 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

போன மாதம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். உள்நாக்குக்குப் பின்னால், தொண்டைச் சுவரில் பாதிப் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. வலி இல்லை, உறுத்தலும் இல்லை. அதுதான் பயமே. வலிக்காத கட்டிதான் ஆபத்து என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

இருப்பது வண்ணாரப்பேட்டை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அதை விட்டுவிட்டு, 'கத்தியில்லாமல் கட்டி கரைப்போம்' என்று போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு மூலிகை வைத்தியசாலைக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டு போட்டவர் போன் டார்ச் அடித்து, படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அப்படிக் காட்டினால் கொசுவும் யானைதான். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. என் கூடப்பொறந்த தங்கச்சியா இருந்தா இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடுவேன்" என்றார். அந்த 'தங்கச்சி'யில் விழுந்தேன். மகளின் காலேஜ் பீஸுக்கு எடுத்த சீட்டுப் பணம் 14,500 ரூபாய், அங்கேயே ஜிபே. பில் கேட்டால், "கோர்ஸ் முடியட்டும்மா, மொத்தமா தர்றோம்."

லேகியத்தில் வெல்லமும் சுக்கும்தான் தெரிந்தது. இருபது நாளாகியும் புடைப்பு அப்படியே இருந்தது. போன் போட்டால் "வைத்தியர் கேம்ப்ல இருக்கார்", "பத்தியம் சரியா இருந்தீங்களா?"

அப்புறம்தான் ஸ்டான்லியில் ஓபி சீட்டு போட்டேன். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா நாக்கை அழுத்திப் பார்த்தார், கழுத்தை இரண்டு பக்கமும் தடவினார், மூக்கு வழியாகக் கேமரா குழாய் விட்டார். கட்டியே இல்லையாம். தொண்டைச் சுவரில் எல்லாருக்கும் இருக்கிற நிணநீர்த் திசு, சளி பின்பக்கமாக வடிவதாலும் நெஞ்செரிச்சலாலும் வீங்கியிருக்கிறதாம். செலவு ஒரு ரூபாய் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எங்க லேகியத்தாலதான் அது புற்றுநோயா மாறாம போச்சு!" என்றார்கள். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 14,500 ரூபாய்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். போன் படத்தை வைத்துப் புற்று என்பவரையும் நம்பாதீர்கள், ஒன்றுமில்லை என்பவரையும் நம்பாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மூன்று வாரமாகக் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மீதி லேகிய டப்பா பத்திரமாக அலமாரியில் இருக்கிறது.