கிரவுன் பினியன் மாற்றம்: வீட்டு ஷெட்டிலா, பட்டறையிலா?

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு ஓடும் எங்கள் பழைய மகிந்திரா ஜீப்பின் இரண்டு ஆக்சில்களிலும் கிரவுன் பினியன் விகிதத்தை 5.38 இலிருந்து 4.88 ஆக மாற்றியிருக்கிறோம். எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குள் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் இது: சிறியது பினியன், பெரியது கிரவுன். சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே விகிதம். பின் ஆக்சிலை நானும் என் மைத்துனரும் வீட்டு ஷெட்டிலேயே முடித்தோம். முன் ஆக்சிலை மார்த்தாண்டம் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தோம். இரு வழிகளையும் ஒரே வண்டியில் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பொறுமையும் அளவுக்கருவியும் உள்ளவருக்கு வீட்டில் செய்வதே மேல் என்பது என் முடிவு.

விகிதத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 6.00-16 டயரோடு, டாப் கியரில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 5.38 விகித வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்று சுற்றும், 4.88 இல் அது 2,150 அளவுக்கும், 4.27 இல் 1,900 அளவுக்கும் இறங்கும். தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு அடிக்கடி போகிறவருக்கு 4.27 ஆசை காட்டும். ஆனால் இழுவையும் அதே வீதத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, குறைந்துவிடும். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைக்கு மேலே ஏற வேண்டிய வண்டிக்கு 4.88 போதும் என்று நிறுத்திக்கொண்டோம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும் என்பதால், வேலையும் செலவும் இரட்டிப்பு என்று தொடக்கத்திலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

கூலி மிச்சம் என்பதற்காக மட்டும் யாரும் இதை வீட்டில் தொடங்க வேண்டாம். டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் கருவி), பேரிங் புல்லர் (பேரிங்கைக் கழற்றும் கருவி), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) ஆகியவற்றை வாங்கினாலே மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். வண்டியைத் தூக்கி நிறுத்துவது, வீல், பிரேக் டிரம், ஆக்சில் ஷாஃப்ட் ஆகியவற்றைக் கழற்றுவது எல்லாம் ஜீப் வைத்திருப்பவர்கள் பழகிய வேலைகள்தான்.

வீட்டிலா பட்டறையிலா என்பதைத் தீர்மானிப்பது சிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம், வைக்கும் வேலை ஒன்றே. டேனா 44 என்ற வகை ஆக்சிலில் பினியன் எவ்வளவு உள்ளே இறங்கி நிற்க வேண்டும் என்பதை, உள் பேரிங்கின் கப்புக்கு (வெளிவளையத்துக்கு) பின்னால் வைக்கும் சிம்கள் முடிவு செய்கின்றன. கிரவுன் சக்கரம் இடமோ வலமோ எவ்வளவு நகர வேண்டும் என்பதை, கிரவுனைத் தாங்கும் கேரியரின் இரு பக்கப் பேரிங்குகளுக்கு அடியில் உள்ள சிம்கள் முடிவு செய்கின்றன. இதில் 0.05 மில்லிமீட்டர் மாறினாலும் பல் பொருந்தும் இடம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பழைய பினியனின் தலையிலும் புதியதன் தலையிலும் பொறித்துள்ள எண்களின் வித்தியாசத்தைக் கொண்டு முதல் சிம்மைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் அது தொடக்கம்தான்; முதல் முறையே சரியாக அமைவது அரிது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

இந்தத் திரும்பத் திரும்பக் கழற்றும் வேலைக்குத்தான் பட்டறையில் நேரம் கிடைப்பதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசலில் அடுத்த வண்டி காத்து நிற்கும்போது, ‘இது போதும்’ என்று தோன்றும் நிலையில் மூடியைப் பூட்டுவது இயல்பு. வீட்டிலோ, இன்னும் ஒரு சிம் மாற்றிப் பார்ப்போம் என்று நாளைக்குத் தள்ளிவைக்கலாம். கழற்றும்போது புதிய பேரிங் கெடாமலிருக்க, பழைய பேரிங்கின் உள்வட்டத்தை லேத்தில் சற்றே தேய்த்து, கையாலேயே ஏறி இறங்குமாறு செய்து வைத்துக்கொண்டோம். பழைய கப்பின் வெளிவட்டத்தையும் அவ்வாறே தேய்த்தோம். சோதனைகள் எல்லாம் அவற்றில் நடந்தன. அளவு உறுதியான பிறகே புதிய பேரிங்குகளை அழுத்தி ஏற்றினோம்.

பல்லில் படியும் தடத்தைப் படிப்பதுதான் இந்த வேலையின் உயிர். கிரவுனின் சில பற்களில் மஞ்சள் குறிப்பூச்சைத் தடவி, கிரவுனை ஒரு கட்டையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுழற்றினால், பூச்சு ஒதுங்கி நீள்வட்டமாக ஒரு தடம் தெரியும். அது பல்லின் அடிவாரத்தை ஒட்டி இருந்தால் பினியன் அதிகமாக உள்ளே இறங்கியிருக்கிறது. நுனியை ஒட்டி இருந்தால் போதிய அளவு இறங்கவில்லை. வண்டி முன்னோக்கி இழுக்கும் பக்கம், எஞ்சின் பிடித்து நிறுத்தும் பக்கம் இரண்டிலும் தடம் உயரவாக்கில் நடுவே அமைய வேண்டும். பேக்லாஷ், அதாவது இரு பல்சக்கரங்களின் பற்களுக்கிடையே உள்ள தளர்வு, 0.13 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிரவுனைச் சுற்றி குறைந்தது மூன்று இடங்களில் அளந்து, அவற்றுக்கிடையே 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

பினியன் பேரிங்கின் முன்னிறுக்கத்தை (பூட்டும்போதே பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கத்தை) அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் ஸ்பிரிங் தராசு போதும். புதிய பேரிங்குக்குச் சுமார் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் தேவை. பினியன் முனையில் உள்ள யோக்கில் (இணைப்புத் துண்டில்) கயிற்றைச் சுற்றி, ஒரே சீராக இழுக்கும்போது தராசு காட்டுவதைப் பார்க்க வேண்டும். அசையத் தொடங்கும் கணத்து எண்ணைக் கணக்கில் கொள்ளக் கூடாது. கயிறு சுற்றிய இடத்தின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்றால், 3 நியூட்டன் மீட்டருக்குத் தராசு ஏழரை கிலோவுக்குச் சற்று மேல் காட்டும்.

பட்டறைக்குச் சாதகமானவையும் உண்டு. முன் ஆக்சிலில் ஸ்டியரிங் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) பக்கத்து வேலையும் சேரும். அதில் எனக்குக் கைப்பழக்கம் போதாது என்பதால்தான் வெளியே கொடுத்தேன், ஆகவே அதை வீட்டில் செய்யுமாறு யாருக்கும் துணிந்து சொல்ல மாட்டேன். மாருதி ஜிப்ஸி போல டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் அடங்கிய பாகம்) முழுவதும் ஒரே பிண்டமாகக் கழன்று வரும் வண்டி என்றால், அதை மட்டும் கழற்றிப் பட்டறை மேசைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. ஒழுகும் கூரையின் கீழ் ஆக்சில் கூட்டைத் திறந்து போடுவதை விட, மழைக்காலத்தில் பட்டறையே பாதுகாப்பு.

யார் செய்தாலும் அதன் பின் பராமரிப்பு ஒன்றுதான். முதல் ஓட்டம் 25 முதல் 30 கிலோமீட்டருக்குள், சுமையின்றி. பிறகு அரை மணி நேரம் ஆற விட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றக் கூடாது. அது முடிந்ததும் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் ஆக்சிலுக்கு முன்னாலிருந்தே ஓடுவதால், 4.88 க்குப் பின் அது உண்மை வேகத்தை விட ஏறத்தாழ 9 சதவீதம் குறைத்துக் காட்டும். அதன் பல்சக்கரத்தையும் மாற்றிவிடுவது அவசியம்.

பட்டறையில் கொடுப்பதென்று முடிவு செய்தவர்கள், மூடியைப் பூட்டும் முன் நேரில் சென்று, இரு பக்கத் தடத்தையும் கண்ணால் பார்த்து, பேக்லாஷ் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையைச் சரியாகச் செய்தவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.