அஞ்சலுக்கு மூன்று, கோப்புக்கு இரண்டு: எந்த என்கிரிப்ஷன் யாருக்கு?

சில ஆண்டுகள் முன்புவரை பிஜிபி முறையில் (பெறுபவர் மட்டுமே படிக்கும்படி மின்னஞ்சலைப் பூட்டும் என்கிரிப்ஷன் முறை) அஞ்சல் அனுப்ப நினைத்தவர்கள் அதற்கான ஜிஎன்யூபிஜி மென்பொருளைத் தனியாக நிறுவி, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் எனிக்மெயில் என்ற துணைநிரலையும் சேர்க்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். 2020-இல் வந்த தண்டர்பேர்ட் 78 அந்த வேலையைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. கணக்கு அமைப்புகளுக்குள் போய் விசையை உருவாக்கினால் போதும்: மற்றவர்கள் உங்களுக்கான அஞ்சலைப் பூட்டப் பொது விசை, அதை நீங்கள் திறக்க ரகசிய விசை. அஞ்சலின் தலைப்பையும் அது மறைக்கும். அந்த வசதி இல்லாத செயலியில் திறப்பவருக்குத் தலைப்பு இருக்கும் இடத்தில் மூன்று புள்ளிகள்தான் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ரகசிய விசையைப் பூட்டும் கடவுச்சொல்லைத் தண்டர்பேர்டே உருவாக்கித் தன் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். முதன்மைக் கடவுச்சொல் என்ற ஒன்றை நீங்கள் வைக்காவிட்டால், உங்கள் கணினியைத் திறக்க முடிந்தவர் விசையையும் பயன்படுத்திவிடலாம். இது தானாக அமைந்துவிடாது, நாம்தான் தேடிப்போய் வைக்க வேண்டும். விசையின் நகலை ஒரு பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள். விசை தொலைந்தால் பழைய அஞ்சல்களை உங்களுக்குத் திறந்து தர யாராலும் முடியாது.

இந்தப் பொறுப்பு வேண்டாம் என்பவர்களுக்குப் புரோட்டான் மெயில் என்ற மின்னஞ்சல் சேவை. விசை அவர்களுடைய சர்வரில் இருந்தாலும், உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டே இருக்கிறது. புரோட்டான் பயனர்களுக்குள் எல்லாம் தானாக நடக்கும். எதிரில் இருப்பவர் தண்டர்பேர்டில் பிஜிபி வைத்திருந்தால் அவருடைய பொது விசையைத் தொடர்புகள் பட்டியலில் சேர்த்து, பூட்டிய அஞ்சலை அனுப்பலாம். இது பெரிய வசதி. குறை, தலைப்பு வரி முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி, பூட்டப்படுவதில்லை. மருத்துவ அறிக்கையை அனுப்பும்போது நோயின் பெயரைத் தலைப்பில் எழுதாதீர்கள்.

டூட்டா என்ற இன்னொரு மின்னஞ்சல் சேவை இந்த இடத்தில் ஒரு படி மேலே. தலைப்பு, முகவரிப் புத்தகம், நாள்காட்டி எல்லாமே பூட்டப்படும். 2024 மார்ச்சில் வந்த அதன் புதிய பூட்டும் முறையான டூட்டாகிரிப்ட், வழக்கமான நீள்வட்ட வளைவுக் கணித முறையோடு கைபர் என்ற குவாண்டம் எதிர்ப்பு முறையையும் சேர்த்தது. இன்று அஞ்சலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னாளில் குவாண்டம் கணினி வந்ததும் உடைக்கப் பார்ப்பவர்களுக்கு எதிரான ஏற்பாடு இது. அந்தக் கைபரைத்தான் அமெரிக்காவின் தரநிலைகளை வகுக்கும் அரசு அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக அறிவித்தது. சரி, பிறகு ஏன் எல்லோருக்கும் டூட்டாவைச் சொல்லவில்லை? அதில் பிஜிபி கிடையாது, தண்டர்பேர்ட் போன்ற வேறு செயலியில் அஞ்சலைத் திறக்க உதவும் ஐமேப்பும் கிடையாது. டூட்டாவுக்கு வெளியே இருப்பவருக்குப் பூட்டிய அஞ்சல் அனுப்ப, அதைத் திறக்கும் கடவுச்சொல்லை வேறு வழியில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். குடும்பமாகவோ சிறு குழுவாகவோ எல்லோரும் சேர்ந்து மாறுவதானால் டூட்டா என் முதல் தேர்வு. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் எழுதுபவருக்குப் புரோட்டான். சாவி தன் கையை விட்டுப் போகக்கூடாது என்பவருக்குத் தண்டர்பேர்ட்.

கோப்புகள் விஷயத்தில் முடிவு எளிது. கோப்புகளைப் பூட்டும் மென்பொருள்களில், கிளவுடில் வைப்பதற்குக் கிரிப்டோமேட்டர், பென் டிரைவுக்கும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் வெராகிரிப்ட்.

கிரிப்டோமேட்டர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டுவதால், ஒன்றைத் திருத்தினால் அது மட்டும் மேலேறும். கோப்புப் பெயரும் மறையும்; எத்தனை கோப்பு, எவ்வளவு பெரியது, எப்போது மாறியது என்பது மறையாது. வெராகிரிப்டில் எல்லாம் ஒரே கொள்கலனுக்குள், அதாவது பூட்டப்பட்ட ஒரே பெரிய கோப்புக்குள், இருப்பதால் அந்த விவரமும் வெளியே தெரியாது. அதைக் கிளவுடில் போட்டால் வேறொரு சிக்கல்: உள்ளே எதை மாற்றினாலும் கொள்கலனின் தேதியை வெராகிரிப்ட் பழையபடியே வைத்திருக்கும், அதுதான் இயல்பு அமைப்பு. தேதியைப் பார்த்து ஒத்திசைக்கும் செயலி எதுவும் மாறவில்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். அமைப்புகளில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகும்.

அப்புறம், வெராகிரிப்டின் முன்னோடியான பழைய ட்ரூகிரிப்டின் கொள்கலன் யாராவது இன்னும் வைத்திருந்தால்: 2023-இல் வந்த வெராகிரிப்ட் 1.26.7 முதல் அவற்றைத் திறக்கும் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. 1.25.9 பதிப்பை நிறுவி, அதில் திறந்து, உள்ளே இருப்பதைப் புதிய கொள்கலனுக்கு மாற்றிவிட்டு அப்புறம் மேம்படுத்துங்கள்.