விண்டோஸ் 11: லப்டொப்பில் ஏறியாயிற்று, மேசைக் கணினியில் ஏன் இன்னும் 10?

கொட்டாஞ்சேனையில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கோல் எடுத்துக் கேட்டார்: "மச்சான், விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சு போச்சாம். நீ ரெண்டையும் வச்சிருக்கிறாய்தானே, 11க்குப் போகலாமா வேண்டாமா?" அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் லப்டொப்பில் விண்டோஸ் 11, முன்னறையில் இருக்கும் மேசைக் கணினியில் விண்டோஸ் 10. இரண்டிலும் ஒரே வேலைதான்: திருமண அழைப்பிதழ், அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) அழைப்பு, கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்), நினைவு மலர், இடையிடையே ஏதாவது பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர். முழுக்கத் தமிழ். கேம் நன்றாக ஓடுமா, வீடியோ வெட்டலாமா என்று தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் தினமும் இருக்கிறது. டாஸ்க்பார், அதாவது திறந்திருக்கும் மென்பொருள்களின் ஐகன்கள் நிற்கும் பட்டை. விண்டோஸ் 95இலிருந்து 10 வரை அதைப் பிடித்து இழுத்துத் திரையின் எந்தப் பக்கத்திலும் ஒட்டிவிடலாம். நான் வேலை பழகிய அச்சகத்தில் எல்லாக் கணினியிலும் இடப்பக்கம்தான் இருக்கும், எனக்கும் அதுவே பழகிவிட்டது. 11 வெளிவந்தது 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி. 4 ஆண்டுகள் பாவனையில் இருந்த பிறகும் செட்டிங்ஸில் அதற்கு வழி கிடையாது. ஐகன்களை நடுவில் வைக்கலாம், இடது ஓரத்துக்குத் தள்ளலாம், ஆனால் பட்டை கீழேதான்.

இது வெறும் பழக்கதோஷம் இல்லை, கணக்கு. என் இரண்டு திரையும் 1,366×768. அகலம் தாராளம், உயரத்துக்குத்தான் பஞ்சம். வேர்டைத் திறந்தால் மேலே தலைப்பு, அதற்குக் கீழே ரிப்பன், அடியில் பக்க எண் காட்டும் பட்டை, இவ்வளவும் போக மிச்சத்தில்தான் நம்முடைய பக்கம். விண்டோஸ் 10இல் டாஸ்க்பாரைக் கீழே வைத்தால்கூட 40 பிக்சல்தான், சின்னப் பொத்தான் கேட்டால் 30. இடப்பக்கம் வைத்தால் உயரத்தில் ஒரு பிக்சல்கூடப் போகாது. 11இல் 48 பிக்சல் உயரத்திலிருந்தே போகிறது. தமிழ் எழுத்து மேலே ஈகாரச் சுழிக்கும் கீழே ஊகாரச் சுழிக்கும் இடம் கேட்கும், ஆகவே ஆங்கிலத்தைவிட வரி உயரம் கூட. 12 புள்ளி எழுத்தில் அந்த 48 பிக்சல் ஏறத்தாழ இரண்டு வரி.

இரண்டு வரிதானே என்று கேட்பவர்கள் ஒரு மரண அறிவித்தலைத் தட்டெழுதிப் பார்க்கவேண்டும். "அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும், இன்னாரின் ஆசைக் கணவரும், இன்னார், இன்னார், இன்னாரின் பாசமிகு தந்தையும்" என்று ஆரம்பித்து மைத்துனர், சகலன், பேரன், பூட்டன் எல்லோரையும் கடந்து "ஆவார்" என்ற இடத்தில்தான் முற்றுப்புள்ளி. முழுக்க ஒரே வசனம். ஒவ்வோர் உறவுக்கும் கடைசியில் அந்த 'உம்' விழுந்திருக்கிறதா, ஒரு கமா தப்பி மருமகன் பெயர் பேரப்பிள்ளைகள் வரிசைக்குள் போய்விட்டதா, "காலஞ்சென்ற" என்ற சொல் உயிரோடு இருக்கும் ஒருவருடன் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, இதையெல்லாம் பார்க்க வசனத்தின் தலையும் வாலும் ஒன்றாகக் கண்ணில் இருக்கவேண்டும். மேசைக் கணினியில் இருக்கிறது. லப்டொப்பில் "ஆவார்" தெரியும்போது "அன்னார்" மேலே ஓடிவிடுகிறது. ஒரு மருமகன் பெயர் விடுபட்டால் செத்த வீட்டில் என்ன நடக்கும் என்று இந்த வேலை செய்கிற எவருக்கும் தெரியும். எழுத்தைச் சின்னதாக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் அப்போது 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் பிடிபடாது.

பட்டையை மறைத்துவைக்கும் தெரிவு இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது, பாவித்தும் பார்த்தேன். பெரிதாக்கிச் சிறிதாக்கும் பொத்தான் வேர்டின் கீழ் ஓரத்தில்தான் இருக்கிறது, மவுஸ் அங்கே போகும்போதெல்லாம் டாஸ்க்பார் எழும்பி வந்து அதை மூடிக்கொள்ளும். வெளியார் செய்த சின்ன மென்பொருள்களை வைத்துப் பழைய டாஸ்க்பாரைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போது அவை முறிந்துபோகக்கூடும், வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது அந்த வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம்.

இதே டாஸ்க்பாரில் இன்னொரு குறை இருந்தது. நான்கு வேர்ட் ஆவணம் திறந்திருந்தாலும் ஒரே ஐகனுக்குள் அடுக்கிவிடும், பெயர் காட்டாது. அதை 2023இல் திருத்திவிட்டார்கள், இப்போது தனித்தனியாகப் பெயரோடு வைக்கலாம். வலது கிளிக் செய்தால் பாதிப் பட்டியல் மட்டும் வருவதும் முதலில் கடுப்பாக இருந்தது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் பழைய முழுப் பட்டியல் வரும், அதோடு அந்தப் பிரச்சினை எனக்கு முடிந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி. அதனால்தான் பக்கம் மாற்றும் ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருப்பது இன்னும் கோபம் வரவைக்கிறது.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும், நிறைய இருக்கிறது.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காமல் பிடித்துப்போனது நோட்பேட். ஆம், அந்தச் சாதாரண நோட்பேட்தான். ஒரு கல்வெட்டு வேலை வந்தால் விபரம் ஒரே இடத்திலிருந்து வராது. டொரொன்டோவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவார், லண்டன் மகள் அதைத் திருத்தி இன்னொன்று அனுப்புவார், இங்கே வெள்ளவத்தையில் இருக்கும் மருமகன் இரண்டையும் வெட்டி மூன்றாவது ஒன்று தருவார். எல்லாவற்றையும் முதலில் நோட்பேடில் ஒட்டினால்தான் வேண்டாத வடிவமைப்பெல்லாம் கழன்று வெறும் எழுத்து மிஞ்சும். விண்டோஸ் 10இல் ஒவ்வொன்றும் ஒரு தனி ஜன்னல், மூடப்போனால் சேமிக்கவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். 11இல் ஒரே ஜன்னலுக்குள் டேப் டேப்பாக மகன், மகள், மருமகன். சேமிக்காமல் மூடிவிட்டுப் போய் மறுநாள் திறந்தால் எந்த டேப் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சில நாட்களில் வேலையை லப்டொப்பில் தொடங்கி மேசைக் கணினியில் முடிக்கிறேன்.

பைல்களைத் தேடும் எக்ஸ்புளோரருக்கும் டேப் வந்துவிட்டது. விண்டோஸ் விசையோடு இசட் அழுத்தினால் திரையைப் பங்குபோடும் படம் வரும், ஒரு பக்கம் வந்த பட்டியல், மறு பக்கம் வேர்ட், ஒப்புநோக்க மிக வசதி. தமிழ் தட்டெழுத்து பற்றி நண்பருக்கு நிறையப் பயம் இருந்தது, தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் தட்டெழுத்து மென்பொருளில் பாமினி விசையமைப்பு எனக்குப் 10இல் வேலை செய்தது போலவே 11இலும் வேலை செய்கிறது, பாமினி எழுத்துருவும் அப்படியே. தமிழ்99 விசையமைப்பைப் பாவிப்பவர்களுக்கு அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ஒரு திருத்த வேலை பற்றி. லப்டொப்பின் மதர்போர்ட் போய், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் மாற்றக் கொடுத்திருந்தேன். மாற்றி முடித்துப் பவர் போட்டதும் நீலத்திரை, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. திருத்துகிறவர் கோல் எடுத்து, "அண்ணா, டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணட்டா?" என்றார். வேண்டாம் என்று நிறுத்தி, என் மைக்ரோசொஃப்ட் கணக்கில் போனிலேயே நுழைந்து, அங்கே சாதனத்தின் கீழ் சேமித்திருந்த எண்ணை வாசித்துக் காட்டினேன், திறந்துவிட்டது. இது கோளாறு இல்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 லப்டொப்களில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டின் திறப்பு மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். போர்ட் மாறினால் சிப்பும் மாறும், அப்போது இந்த எண் ஒன்றுதான் வழி. லப்டொப் களவு போனால் ஊரார் வீட்டு விபரமெல்லாம் எவன் கையிலோ போகாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ கடைப் பெடியன் போட்டுக்கொடுத்து, அது என்னவென்றே தெரியாமல் பாவிப்பவர்கள் கொழும்பில் ஏராளம். 11க்குப் போகிறவர்கள் முதல் வேலையாக அந்த எண்ணை எடுத்துக் கடதாசியில் அச்சடித்துப் பத்திரப்படுத்துங்கள், திருத்தக் கொடுப்பதற்கு முதல் நாள் தேடாதீர்கள்.

நண்பரின் கணினிக்கு வருவோம். இன்டெல் ஐ5 புரொசசர், ஏழாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி. நன்றாக ஓடுகிறது. ஆனால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11க்கு அனுமதி, கூடவே டிபிஎம் 2.0 வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் யூஎஸ்பி செய்துதருகிறோம் என்று சொல்கிற கடைகள் உண்டு, அது முடியும், ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. அப்டேட்டுக்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம் ஓடுகிறோம், அதுவே உறுதியில்லை என்றால் எதற்கு? அவருக்கு நான் சொன்னது: அவசரப்பட்டு எதையும் விற்காதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது உண்மை, ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. 30 டொலர், அதாவது ஏறக்குறைய 9,000 ரூபா. செட்டிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லாமலும் கிடைக்கும். கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கவேண்டும், காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும் கணக்கு கட்டாயம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டி ஏறியதும் கணினி விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற கணினியைக் கழித்துப் புதிதாக வாங்கு என்று ஒரு சின்னக் கடைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அவரிடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10, பழைய லேசர் பிரிண்டர் ஒன்றுக்காக அப்படியே வைத்திருக்கிறார். 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் மென்பொருள்கள் பொதுவாக அதில் ஓடும், ஆனால் பிரிண்டரைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் 64 பிட்டாக இருந்தே ஆகவேண்டும், 16 பிட் காலத்துப் புரோகிராம்கள் அறவே ஓடாது. ஜிந்துப்பிட்டி, ஆட்டுப்பட்டித்தெருப் பக்கம் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். மென்பொருளை மட்டும் பார்க்காதீர்கள், பிரிண்டர், ஸ்கேனர் இரண்டுக்கும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தேடிவிட்டு முடிவெடுங்கள்.

என் மேசைக் கணினிக்கு இந்தத் தடை ஒன்றும் இல்லை. எட்டாம் தலைமுறை, டிபிஎம் இருக்கிறது, 64 பிட், பிரிண்டர் டிரைவரும் உண்டு. 11 இலவசம். ஏற்றிவிட்டுப் பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் திரும்பிவரலாம். பாதுகாப்பில் 11 மேல், நோட்பேட் மேல், ஜன்னல்களைப் பிரித்து வைப்பதில் மேல். மேலே எழுதியதை எண்ணிப் பார்த்தால் நல்லதுதான் கூட. 1,920×1,080 திரை வைத்திருப்பவர்களுக்கு நான் புலம்பிய இரண்டு வரி பெரிதாகத் தெரியாது, அவர்கள் யோசிக்காமல் ஏறலாம், நான் தடுக்கமாட்டேன். லப்டொப்பையும் நான் 10க்குத் திருப்பப் போவதில்லை.

ஆனாலும் போன வெள்ளிக்கிழமை ஒரு கல்வெட்டு ஒப்புநோக்கிக்கொண்டிருந்தேன். வசனம் முழுவதும் கண்முன்னே இருந்தது, ஒரு தடவைகூட மேலும் கீழும் உருட்டவில்லை, மூன்று பிழை பிடித்தேன், அதில் ஒன்று "காலஞ்சென்ற". முடித்துவிட்டு அப்டேட் பக்கத்தைத் திறந்தால் 11 தயார் என்று நின்றது. கீழே இருந்த "இப்போதைக்கு 10இலேயே இருக்கிறேன்" என்பதை அழுத்திவிட்டு, நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டேன். டாஸ்க்பாரை இடப்பக்கம் கொண்டுபோகும் வழியை அவர்களே திரும்பத் தந்தால் அன்றைக்கே ஏற்றுவேன். தராவிட்டால் 2026 ஒக்டோபருக்கு முன் உயரம் கூடிய மொனிட்டர் ஒன்று வாங்கவேண்டிவரும், அதற்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.